வீண் வேலையா?

சென்ற கோடை விடுமுறைக்கு மகளும் பேரனும் நம் இல்லத்திற்கு வந்திருந்தனர். பேரனுக்கு வயது பன்னிரண்டு. மடியில் ஒரு சிறு கணினியை வைத்துக்கொண்டு, பூனைக்குட்டி ஒன்று வாலை ஆட்டும் படத்தைக் காலை முதல் மாலை வரை வரைந்துகொண்டிருந்தான். வால் ஒரு முறை இடப்புறம் போகும், ஒரு முறை வலப்புறம் வரும். அப்படத்தின் கதை அவ்வளவே. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அவன் தாய், "இந்த வீண் வேலையிலேயே பொழுது போனால் படிப்பு எப்படி ஏறும்?" என்று கடிந்துகொண்டாள். தந்தை தன் பக்கம் பேசுவார் என்னும் நம்பிக்கையோடு நம்மையும் நோக்கினாள்.

நாம் வாய் திறக்கவில்லை. திறக்கும் தகுதி நமக்கு இல்லை. அதே சொற்களை, ஏறத்தாழ அதே குரலில், 2000-ஆம் ஆண்டில் அவளிடம் சொன்னவர் நாமே. அந்தக் கதையை இல்லறத்தாராகிய உங்களோடு பகிர்ந்துகொள்வது நன்மை பயக்கும் என்று எண்ணுகிறோம்.

நாம் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி வந்த காலம் அது. 1998-இல் நம் துணைவியார் நோயுற்று மறைந்தார். வீட்டில் எஞ்சியவர்கள் நாமும், பதினான்கு வயது மகளும். துக்கம் சிலரைப் பேச வைக்கும், சிலரை ஊமையாக்கும். நம்மை அது ஊமையாக்கிற்று. துணைவியாரின் தையல் இயந்திரத்தின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தினோம். அவர் மின்சாரம் நின்ற இரவுகளில் அருகில் ஏற்றிவைத்துத் தைக்கும் சிம்னி விளக்கைப் பரண்மேல் ஏற்றிவிட்டோம். கண்ணில் படாதது நெஞ்சையும் வருத்தாது என்று நினைத்தோம். மகள் அம்மாவைப் பற்றி எதையேனும் தொடங்கினால், "சாப்பிட்டாயா? பாடம் படித்தாயா?" என்று பேச்சை மாற்றிவிடுவோம். சிறிது காலத்தில் அவள் தொடங்குவதையும் விட்டுவிட்டாள்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் நம்மைப் போன்ற ஊர்களிலும் 'பிரௌசிங் சென்டர்' என்னும் பலகைகள் தொங்கலாயின. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகள், பள்ளி விட்டதும் அத்தகைய கடை ஒன்றுக்குச் செல்கிறாள் என்பதையும், மணிக்கு 40 ரூபாய் வீதம் நாம் கொடுக்கும் கைச்செலவுப் பணம் முழுவதும் அங்கே கரைகிறது என்பதையும் ஒரு நாள் அறிந்தோம். அவளது கணக்கு நோட்டின் பின்பக்கங்களைப் புரட்டியபோது, கட்டங்கள் நிறைந்த தாள்களில் வண்ணப் பென்சிலால் தீப்பிழம்புகள் தீட்டப்பட்டிருந்தன. ஓவிய ஆசிரியரான நமக்கு அது ஓவியமாகவும் தோன்றவில்லை, கணக்காகவும் தோன்றவில்லை.

"இந்த வீண் வேலைக்கா நான் உழைத்துப் பணம் தருகிறேன்?" என்று சீறினோம்.

அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. நோட்டை வாங்கி மூடிவைத்துவிட்டு, "அம்மாவுக்கு ஒரு பக்கம் செய்கிறேன், அப்பா. அதில் அம்மாவின் விளக்கு எரிய வேண்டும். எரிய மாட்டேன் என்கிறது" என்றாள்.

அவ்விரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் மாலை அவளோடு நாமும் அந்தக் கடைக்குச் சென்றோம். ஒருவர் அமரும் தடுப்புக்குள் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு அமர்ந்தோம்.

அக்காலத்தில் 'தன் பக்கம்' என்பது எளியவர்களின் ஆசையாக இருந்தது. இணையத்தில் சிறிது இடத்தை இலவசமாகத் தரும் நிறுவனங்கள் பல இருந்தன. அவற்றுள் பெயர் பெற்றது, 1994-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஜியோசிட்டீஸ். அது தன் பக்கங்களை ஒரு பெருநகரம் போலப் பேட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் கதவிலக்கம் போல் ஓர் எண்ணும் தந்திருந்தது. கல்வி பற்றி எழுதுவோருக்கு 'ஏதென்ஸ்', குடும்பங்களுக்கு 'ஹார்ட்லாண்ட்' என்றெல்லாம் பேட்டைகளுக்குப் பெயர்கள். இல்லத்தரசிகளும் மாணவர்களும் ஓய்வுபெற்றோரும் அங்கே குடியேறி, நாம் வாசலில் கோலமிடுவது போலத் தத்தம் பக்கங்களை அலங்கரித்தார்கள். சுழலும் பூமிப்பந்து, திறந்து மூடும் அஞ்சல் உறை, மின்னும் விண்மீன், 'வேலை நடைபெறுகிறது' என்று மண்வெட்டியால் தோண்டிக்கொண்டே இருக்கும் தொழிலாளி என்று எங்கு நோக்கினும் நகரும் சிறு படங்கள். அவற்றைச் செய்தோரில் மிகப் பலர் ஓவியம் பயிலாதவர்கள். கூலி எதிர்பாராமல் செய்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தவர்கள்.

இப்படங்கள் 'ஜிஃப்' என்னும் வகையைச் சேர்ந்தவை. கம்ப்யூசர்வ் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் என்பவரின் தலைமையில் உருவாகி 1987 ஜூனில் வெளிவந்த வகை அது. 2022-இல் மறைந்த அவர், இதனை 'ஜிஃப்' என்றே ஒலிக்க வேண்டும் என்று 2013-இல் விருது பெற்றபோதும் வலியுறுத்தினார். ஒரு படத்தில் 256 நிறங்களுக்கு மேல் இதில் இடமில்லை. 1989-இல் வந்த திருத்தப் பதிப்பு இரண்டு வசதிகளைச் சேர்த்தது. ஒவ்வொரு படமும் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பதை நொடியின் நூறில் ஒரு பங்கு அளவில் குறித்துவைக்கலாம். ஏதேனும் ஒரு நிறத்தை 'கண்ணாடி' போல் ஆக்கிப் பின்னணியைத் தெரியச் செய்யலாம். 1995-96-இல் வந்த நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்புதான் படங்களை முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அவ்வாறு குறிக்கப்படாத படம் ஒரு முறை ஓடி நின்றுவிடும்.

மகள் இவற்றையெல்லாம் தானாகவே கற்றிருந்தாள். திரையில் ஒரு படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கினாள். படம் சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். சுட்டியால் ஒவ்வொன்றாகத் தொட்டு நிரப்ப வேண்டும். நமக்குச் சிரிப்பு வந்தது. கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்கும் முறையைத்தானே நாம் இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் கற்பித்து வந்தோம்! நாம் இகழ்ந்த அந்தக் கருவி நம் பாடத்தையே நம்மிடம் ஒப்பித்தது.

அவள் செய்திருந்த விளக்கைப் பார்த்தோம். கண்ணாடிச் சிம்னிக்குள் ஒரு பெருந்தீ குதித்துக்கொண்டிருந்தது. யாரோ செய்து வைத்த அடுப்புத் தீயைப் பார்த்து வரைந்தது என்றாள். குற்றம் எங்கே என்று நமக்கு உடனே விளங்கிற்று.

"சிம்னி விளக்கு குதிக்காதம்மா. கண்ணாடி காற்றைத் தடுப்பதால் சுடர் அசையாமல் நிற்கும். எப்போதாவது மூச்சு விடுவதுபோல் சிறிது உயர்ந்து தாழும்."

"எனக்கு நினைவில்லையே, அப்பா. எப்படி நிற்கும்?"

அவ்வினா நம்மைச் சுட்டது. தாயின் விளக்கு எப்படி எரியும் என்பதை மகள் மறந்துபோனது யாரால்? விளக்கைப் பரண்மேல் ஏற்றியவரால் அல்லவா?

வீடு திரும்பியதும் ஏணியை வைத்து அதனை இறக்கினோம். ஈராண்டுத் தூசு படிந்திருந்தது. துணைவியார் அந்திதோறும் செய்தது போலவே, மகள் சிம்னிக் கண்ணாடியைச் சாம்பல் தொட்ட துணியால் துடைத்தாள். மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைச் சமமாகக் கத்தரித்து ஏற்றினோம். மின்விளக்கை அணைத்துவிட்டு எதிரெதிரே அமர்ந்தோம். வரைவதற்காகவே அமர்ந்தோம் என்பதால், பார்க்காமல் இருக்க வழியில்லை.

திரிக்கு அருகே சுடர் நீலம்; அதற்குமேல் வெண்மை கலந்த மஞ்சள்; ஓரங்களில் செம்மை. அடிப்பகுதி அசைவதே இல்லை. அசைவதெல்லாம் நுனி மட்டும். இவற்றைக் கட்டத்தாளில் குறித்துக்கொண்டே வந்தோம். குறித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சும் வந்தது. "அம்மா ஊசியில் நூல் கோக்கும்போது விளக்கை இந்தப் பக்கமாக இழுத்துக்கொள்வார்கள்" என்றாள் மகள். "திரியை உயர்த்தினால் கரி படியும் என்று என்னை வைவாள்" என்றோம் நாம். ஈராண்டுகளாக நம் நாவில் வராத பேச்சு அது.

அந்நேரம் அடுத்த வீட்டு அம்மையார் ஏதோ கேட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே வந்த காற்றில் சுடர் ஒருபுறமாகச் சாய்ந்து மீண்டும் நிமிர்ந்தது. மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, இதுதான்! நான் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் விளக்கு இப்படிச் சாயும். உடனே அம்மா தையலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்."

அன்றிரவு நாங்கள் இருவரும் அழுதோம். இறந்த வீட்டில் அழாத அழுகை அது.

பின்னர் வேலை ஒழுங்காக நடந்தது. ஆறு படங்கள் போதும் என்று முடிவு செய்தோம். முதல் படத்தில் சுடர் நேராக நிற்கும். அதற்கு 400 என்று எண் கொடுத்தாள், அதாவது நான்கு நொடி. இரண்டாவதில் நுனி சிறிது உயரும், மூன்றாவதில் தாழும், நான்காவதில் நிமிரும். ஐந்தாவதில் சுடர் சாயும். அதற்கு 12 மட்டுமே, கண்ணிமைக்கும் நேரம். ஆறாவது படம் மீண்டும் முதற்படத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் சுடர் தூக்கிப்போட்டது போல் துள்ளும். அந்த ஒரு பொருத்தத்துக்காக மூன்று மாலைகள் செலவாயின. எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால் அது இயந்திரம் போல் துடிக்கிறது. நிற்கும் நேரமும் அசையும் நேரமும் வேறுபட்டால்தான் உயிர் வருகிறது. நாம் மகளிடம் கற்ற பாடம் இது.

மற்றொரு தொல்லையும் நேர்ந்தது. வெண்ணிறப் பின்னணியில் வரைந்த விளக்கை அவள் தன் பக்கத்தின் கருநீலப் பின்னணியில் வைத்ததும், சுடரைச் சுற்றி அழுக்கு வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. இவ்வகைப் படத்தில் ஒரு புள்ளி முழுவதும் தெரியும், அல்லது முழுவதும் மறையும். பாதி தெரிவது என்பது இல்லை. ஓரத்தை மென்மையாக்குவதற்காக வெண்மை கலந்து வைத்த புள்ளிகளெல்லாம் இருளில் காட்டிக்கொடுத்துவிட்டன. ஆறு படங்களின் ஓரங்களையும் அவள் புள்ளி புள்ளியாகக் கருநீலம் கலந்து திருத்தினாள். நாம் அருகில் அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தோம். 40 ரூபாய்க் கணக்கு அப்போது நினைவுக்கு வரவே இல்லை.

அக்காலத்தில் எல்லாக் கணினிகளிலும் தமிழ் எழுத்துகள் தெரியமாட்டா. ஆகவே துணைவியாரின் பெயரையும் நான்கு வரி நினைவுரையையும் நாமே எழுத்தாக வரைந்து, படமாக ஆக்கி இணைத்தோம். மேலே அவரது நிழற்படம், கீழே விளக்கு. நொடிக்கு 28,800 பிட் வேகமுள்ள தொலைபேசி இணைப்பில் நிழற்படம் வந்து சேரக் கால் நிமிடத்துக்கு மேலாகும். விளக்கோ மூன்று கிலோபைட்கூட இல்லை. ஒரு நொடியில் வந்துவிடும். ஆதலால் பக்கத்தைத் திறந்தவுடன் முதலில் விளக்கு எரியும். பிறகு நெற்றியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல அவர் முகம் தோன்றும். இதை நாங்கள் திட்டமிடவில்லை. முதன்முறை கண்டபோது கடைக்காரரும் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார்.

பக்கத்தின் அடியில் வருகையாளர் கையெழுத்திட ஓர் ஏடு உண்டு. சில மாதங்கள் கழித்து, கனடாவிலிருந்து ஒரு பெண்மணி அதில் எழுதியிருந்தார். தம் தாயாருக்கும் இவ்வாறு ஒரு பக்கம் வைத்திருப்பதாகவும், அவ்விளக்கை எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார். மகள் நம்மைக் கேட்டாள். "விளக்கில் விளக்கேற்றினால் ஒளி குறையுமா?" என்றோம். அவள் விளக்கை அனுப்பிவைத்தாள்.

ஆண்டுகள் ஓடின. மகள் கல்லூரி சென்றாள். மணமாகிச் சென்னைக்குப் போனாள். 1999-இல் யாஹூ நிறுவனம் வாங்கிய ஜியோசிட்டீஸ், 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டது. நம் மகளின் பக்கம் இருந்தது வேறொரு சிறு நிறுவனத்திடம். அதுவும் ஏதோ ஓர் ஆண்டில் சொல்லிக்கொள்ளாமல் மறைந்துபோயிற்று. நாங்கள் கவனிக்கவும் இல்லை. ஆனால் ஜியோசிட்டீஸ் மூடும் செய்தி கேட்டுச் சில தன்னார்வலர்கள் ஓடோடிச் சென்று, இயன்ற பக்கங்களையெல்லாம் படியெடுத்துக் காத்தார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் அறநிறுவனம், தான் காத்துவைத்த அப்பக்கங்களிலிருந்து நகரும் சிறு படங்களை மட்டும் பிரித்தெடுத்து, 2016-இல் தேடிப் பார்க்கும் வசதியோடு வெளியிட்டது. 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள்! அவற்றுள் ஒன்றுபோல் ஒன்று இல்லாதவை ஏறத்தாழ 16 இலட்சம் மட்டுமே. மற்றவையெல்லாம் ஒருவர் செய்ததை இன்னொருவர் கேட்டு வாங்கித் தம் வாசலில் வைத்துக்கொண்டவை. இலட்சக்கணக்கான 'வீண் வேலை'கள்! அவற்றில் எத்தனை படங்களுக்குப் பின்னால் எத்தனை வீடுகளின் கதை இருக்குமோ, யார் அறிவார்?

இத்தனையும் நினைவில் வரவே, மகளின் கடுஞ்சொல்லைக் கேட்ட அன்று மாலை நாம் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். கட்டத்தாள்களுக்கு அடியில் ஒரு ஃபிளாப்பி இருந்தது. மேலே மகளின் பதினாறு வயதுக் கையெழுத்தில் 'விளக்கு' என்று எழுதியிருந்தது. அதைப் படிக்கும் கருவி இன்று வீடுகளில் இல்லை. மருமகன் எங்கோ தேடி ஒன்றை வாங்கி வந்தார். மூன்று முறை முயன்றும் படிக்கவில்லை. நான்காம் முறை படித்தது. இன்றைய கணினியில், இன்றைய உலாவியில், எந்த மாற்றமும் செய்யாமல் அந்தச் சிறு விளக்கு எரிந்தது. பக்கம் போயிற்று, பக்கத்துக்கு இடம் தந்த நிறுவனம் போயிற்று. விளக்கு மட்டும் அப்படியே இருந்தது.

பேரன் குனிந்து உற்றுப் பார்த்தான். "தாத்தா, ஆறு நொடிக்கு ஒரு தடவை அது சாய்கிறது. ஏன்?"

விடையை நாம் சொல்லவில்லை. அவன் தாய் சமையலறையிலிருந்து வந்து நின்றிருந்தாள். நெடுநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு மகனருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்து, "பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன், கேள்" என்றாள். சொல்லி முடித்தபின், "சரி, உன் பூனையைக் காட்டு. யாருக்காகச் செய்கிறாய்?" என்று கேட்டாள். பள்ளியில் கால் முறிந்து வீட்டில் கிடக்கும் நண்பனுக்காம். அவன் வளர்த்த பூனை காணாமற்போய்விட்டதாம். இரண்டு நாளாக அவனை வைதுகொண்டிருந்த எங்களுள் எவரும் அக்கேள்வியைக் கேட்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகள் பொழுதை வீணாக்குவதும் உண்டு. கண்டிக்க வேண்டிய நேரமும் உண்டு. நாம் மறுக்கவில்லை. ஆனால் கண்டிக்கும் முன், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அரைமணி நேரம் அருகில் அமருங்கள். "இது என்ன?" என்று கேட்பதோடு நில்லாமல், "இது யாருக்காக?" என்றும் கேளுங்கள். நம்மை அன்று அந்தக் கடைக்கு இழுத்துச் சென்றது அவளுடைய ஒரு வார்த்தை. அவ்வார்த்தையை அவள் சொல்லாமல் விழுங்கியிருந்தால், பரண்மேல் இருந்த விளக்கு இன்றும் பரண்மேலேயே இருந்திருக்கும்.

இப்போது அது நம் கூடத்தில், தையல் இயந்திரத்தின்மேல் இருக்கிறது. மின்சாரம் நிற்கும் இரவுகளில் ஏற்றுகிறோம்.